தடிமல்தானே என்று விட்டுவிடலாமா?



வீட்டில் ஒருவருக்குத் தொண்டை நோகிறது. மறுநாள் மூக்கு ஒழுகுகிறது, உடம்பும் லேசாகச் சுடுகிறது. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்துவிட்டு, "தடிமல்தானே, இரண்டு நாளில் போய்விடும்" என்று நாம் எமது வேலையைப் பார்க்கிறோம். பெரும்பாலும் அது அப்படியே போய்விடுவதும் உண்டு.

ஆனால் அதே வீட்டில் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள மாமி இருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை நானாவின் மகனுக்கு வலீமா. சின்ன மகளுக்குப் பாடசாலையில் தவணைப் பரீட்சை. இப்போது அந்தத் தடிமலை என்ன செய்வது? பரிசோதித்துப் பார்ப்பதா? பிள்ளையை அறையில் வைப்பதா? வலீமாவுக்குப் போவதா, நிற்பதா? இம்மாதம் நாம் சேர்ந்து யோசிக்கப்போவது இதைத்தான்.

2020 ஆம், 2021 ஆம் ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு நாம் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். யாரைப் பரிசோதிப்பது, யாரை எங்கே கொண்டுபோவது, எத்தனை நாள் கதவை மூடுவது என்பதை எல்லாம் அவர்களே தீர்மானித்தார்கள். 2023 மே 5 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட் அவசர நிலை முடிந்துவிட்டதாக அறிவித்தது. அவசர நிலைதான் முடிந்தது, நோய் முடியவில்லை. அது இன்றும் எம்மிடையே வந்து வந்து போகிறது. முன்பு அதிகாரிகள் செய்த தீர்மானம் இப்போது வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டில் அந்தத் தீர்மானத்தை எடுப்பவர் யார்? பெரும்பாலும் நீங்கள்தான்.

பழைய பயம்

ஒன்றை வெளிப்படையாகவே பேசிவிடுவோம். "கொரோனாவா என்று பார்க்கலாமே" என்று சொன்னால் எமது வீடுகளில் இன்றும் ஒரு தயக்கம் எழுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

2020 மார்ச் மாதக் கடைசியில் அக்குறணையும் அட்டுலுகமவும் முற்றாக மூடப்பட்டன. நோயாளியின் பெயரோடு அவருடைய சமயமும் பேசப்பட்டது. அதைவிடப் பெரிய வேதனை ஜனாஸா விடயத்தில் வந்தது. கொவிட்டினால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி வெளியாயிற்று. அடக்கம் செய்வதும் பாதுகாப்பானதே என உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அது கேட்கப்படவில்லை. 2021 பெப்ரவரி 25 ஆம் திகதிதான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அதுவும் ஓட்டமாவடியில் மட்டும். 2021 மார்ச் 5 முதல் ஓராண்டு காலத்தில் பல சமயத்தவருமாக 3,600 இற்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்த நாட்களில் மூச்சு முட்டிய நிலையிலும் ஆஸ்பத்திரிக்குப் போக அஞ்சிய வாப்பாமாரையும் உம்மாமாரையும் நாம் அறிவோம். பரிசோதனை என்பது அன்று நோயைக் கண்டுபிடிக்கும் வழியாக எமக்குத் தெரியவில்லை. எங்கோ கொண்டுபோய்விடும் வாசலாகவே தெரிந்தது. மறைப்பது அன்று பலருக்கும் தற்காப்பாக இருந்தது.

2022 மார்ச் மாதத்தில் ஓட்டமாவடிக் கட்டுப்பாடு நீங்கியது. அவரவர் ஊர் மையவாடியில் அடக்கலாம் என்றாயிற்று. 2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. அந்த மன்னிப்பு காயத்தை ஆற்றியதா என்பது வேறு கதை. நாம் கவனிக்க வேண்டியது இது: இன்று உங்கள் வீட்டில் வைத்து நீங்கள் செய்யும் பரிசோதனைக்காக யாரும் வாசலில் வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்தப்போவதில்லை. பயத்துக்கான காரணம் போய்விட்டது. மறைக்கும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பழக்கத்தின் விலையைக் கொடுக்கப்போவது அதிகாரிகள் அல்லர். உங்கள் வீட்டு உம்மம்மாதான்.

முதலில் டெங்கு

காய்ச்சல் என்றதும் கொவிட்டை மட்டும் நினைப்பதும் ஆபத்து. எமது நாட்டில் காய்ச்சலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது டெங்கை. 2017 ஆம் ஆண்டில் மட்டும் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கினால் பாதிக்கப்பட்டார்கள்.

மூக்கு ஒழுகுதல், தும்மல், இருமல், தொண்டை நோவு, இவற்றோடு வரும் காய்ச்சல் பெரும்பாலும் கொவிட், இன்புளுவென்ஸா அல்லது சாதாரண தடிமலாக இருக்கும். தடிமல் எதுவும் இல்லாமல் திடீரெனக் கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் நோவு, மூட்டு நோவு, சத்தி, வயிற்று நோவு என்று வந்தால் டெங்கு என்றே எண்ணி நடக்க வேண்டும். வயலிலோ வெள்ளநீரிலோ கால் வைத்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும்.

இரண்டும் கலந்தும் வரலாம் அல்லவா? ஆகையால் எந்தக் காய்ச்சலுக்கும் பொதுவான சில விதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, வயோதிபர் என்றால் முதல் நாளிலேயே காட்டுங்கள். அதுவரை பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அதையும் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவிலேயே கொடுங்கள். புரூபன், அஸ்பிரின், டைக்ளோபெனக் போன்ற நோவுக் குளிசைகள் வேண்டாம். டெங்காக இருந்தால் அவை இரத்தக்கசிவை உண்டாக்கும். வைத்தியர் இருதய நோய்க்காகத் தினமும் எழுதித் தந்த அஸ்பிரினை மட்டும் அவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம். உடனே அவரிடம் கேளுங்கள். காய்ச்சல் இறங்கியதும் "சுகமாகிவிட்டது" என்று நிம்மதி அடையவும் வேண்டாம். டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

கொவிட் பரிசோதனையில் இல்லை என்று வந்துவிட்டது என்பதற்காக ஒரு காய்ச்சலைக் கவனியாமல் விடலாகாது.

யாரைப் பரிசோதிப்பது?

ஒவ்வொரு தும்மலுக்கும் பரிசோதனைப் பெட்டி வாங்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. தேவையும் இல்லை. உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: இந்த வீட்டில் அல்லது நாம் போகும் வீட்டில் பலவீனமானவர் யார்? அறுபது வயதைத் தாண்டியவர், சீனி வருத்தம், இருதய நோய், சிறுநீரக நோய், முட்டு வருத்தம் உள்ளவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், கர்ப்பிணி. இவர்களுக்குக் கொவிட் சாதாரண தடிமலாக முடியாமல் போகலாம். 2021 இல் போட்ட தடுப்பூசி இன்னும் காக்கும் என்று இருந்துவிடவும் முடியாது. தடுப்பூசியின் பலம் காலத்தோடு குறைந்துவிடும்.

இரண்டாவது: நோயுற்றவர் எங்கே போக இருக்கிறார்? வலீமா, ஜனாஸா வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளை பெற்ற வீடு, மூடிய மண்டபத்தில் வகுப்பு, தொலைதூர பஸ் பயணம்.

மூன்றாவது: முடிவு தெரிந்தால் நாம் எதையாவது மாற்றிச் செய்வோமா? ஆம் என்றால் பரிசோதியுங்கள். என்ன வந்தாலும் அவர் ஐந்து நாள் வீட்டில்தான் இருக்கப் போகிறார், வீட்டில் பலவீனமானவரும் இல்லை என்றால் பெட்டியை வாங்காமல் விடலாம்.

நோயுற்றவரே பலவீனமானவராக இருந்தால் மட்டும் யோசிக்க இடமில்லை. முதல் நாளிலேயே பரிசோதிக்க வேண்டும். ஏனென்றால் கொவிட் வைரஸை அடக்கும் மருந்துகளை அறிகுறி தொடங்கி ஐந்து நாட்களுக்குள் ஆரம்பித்தால்தான் பலன் உண்டு. ஆறாம் நாள் மூச்சு முட்டியபிறகு ஓடினால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போய்விடும். அந்த மருந்து அவருக்குப் பொருந்துமா, அவர் குடிக்கும் மற்றக் குளிசைகளோடு சேருமா என்பதை வைத்தியர் சொல்வார். அவரிடம் போகும்போது வழமையான மருந்துகளின் துண்டையும் கையில் கொண்டுபோங்கள்.

வீட்டில் ஒருவருக்குக் கொவிட் என்று தெரிந்துவிட்டால், அடுத்தடுத்து இருமத் தொடங்கும் மற்றவர்களையும் கொவிட் உள்ளவர்களாகவே கருதலாம். ஆளுக்கொரு பெட்டி வாங்கத் தேவையில்லை. இருக்கும் பணத்தை வீட்டு முதியவருக்காக ஒதுக்கி வையுங்கள்.

பெட்டி வாங்கவே வசதி இல்லையா? அதற்காக வெட்கப்பட வேண்டாம். தடிமலும் இருமலும் உள்ளவரைக் கொவிட் உள்ளவர் என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். அது இன்புளுவென்ஸாவாக இருந்தாலும் உம்மம்மாவுக்கு அதுவும் நல்லதல்ல. ஒதுங்கி இருந்ததால் நட்டம் ஒன்றும் வரப்போவதில்லை.

பெட்டி சொல்வதும் சொல்லாததும்

மருந்துக் கடைகளில் கிடைப்பது அன்டிஜன் பரிசோதனை. வாங்கும்போது காலாவதித் திகதியைப் பாருங்கள். வெயில் படும் யன்னலிலோ அடுப்படியிலோ வைக்க வேண்டாம். மூக்கைச் சீறிச் சுத்தம் செய்து, கையைக் கழுவிக்கொண்டு, துண்டில் சொல்லியிருக்கும் முறைப்படி இரண்டு மூக்குத் துவாரங்களிலும் எடுக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் 15 நிமிடத்தில் முடிவைப் பார்க்கலாம். காலையில் செய்துவிட்டு லுஹருக்குப் பிறகு வந்து பார்த்தால் அந்த முடிவை நம்ப முடியாது.

'சீ' என்ற இடத்தில் கோடு வராவிட்டால் பரிசோதனை பிழைத்துவிட்டது. 'சீ' யோடு 'ரீ' யிலும் கோடு வந்தால் நோய் உண்டு. அந்தக் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். "லேசாகத்தானே தெரிகிறது" என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

இனி முக்கியமான விடயம். கோடு வந்தால் நம்பலாம். வராவிட்டால் உடனே நம்பிவிட முடியாது. நோய் தொடங்கிய முதல் நாளில் மூக்கில் வைரஸ் போதிய அளவு இல்லாவிட்டால் அன்டிஜன் அதைத் தவறவிடும். ஆகவே அறிகுறி உள்ளவருக்கு இல்லை என்று வந்தால் 48 மணித்தியாலம் கழித்து மீண்டும் ஒரு முறை பாருங்கள். இரண்டாவது முறையும் இல்லை என்றால் ஓரளவு நிம்மதி கொள்ளலாம். அறிகுறி எதுவும் இல்லாதவர் என்றால் 48 மணித்தியால இடைவெளியில் மூன்று முறை பார்க்கச் சொல்கிறார்கள். இடையில் உள்ள அந்த இரண்டு நாட்களும் வலீமாவுக்குப் போகும் நாட்கள் அல்ல.

முதியவரைப் பார்க்கப் போகும் முன் செய்வதானால் புறப்படும் அன்றே செய்யுங்கள். வியாழக்கிழமை செய்த பரிசோதனை சனிக்கிழமைக்கு உத்தரவாதம் தராது.

பி.சி.ஆர். பரிசோதனை இதைவிட நுட்பமானது. நோய் உண்டா என்று அறிய அது சிறந்தது. ஆனால் சுகமான பின்னும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நோய் இருப்பதாகவே அது காட்டும். வெளியே போகலாமா என்று தீர்மானிக்க அதைச் செய்து பணத்தை வீணாக்க வேண்டாம்.

அந்த வீட்டில் கொவிட்டாம்!

இரண்டு நாளைக்கு முன் ராத்தா வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டீர்கள். இன்று ராத்தா அழைப்பெடுத்துத் தனக்குக் கொவிட் என்கிறார். உங்களுக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறீர்கள். என்ன செய்வது?

இப்போதைய வகைகளில் தொற்றி இரண்டு முதல் நான்கு நாட்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறி தெரியும். சிலருக்கு இன்னும் தாமதமாகும். அறிகுறிக்கு ஒன்றிரண்டு நாள் முன்னமேயே அவர் மற்றவருக்குப் பரப்பலாம். அதனால்தான் "எனக்கு ஒன்றுமில்லையே" என்ற பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

கூடி இருந்த நாளைப் பூச்சியமாக வைத்து எண்ணுங்கள். நீங்கள் கடைக்கோ வேலைக்கோ போகலாம். ஆனால் மூடிய இடங்களில் முகக்கவசம் அணியுங்கள். வீட்டு முதியவரோடு ஒரே அறையில் உறங்க வேண்டாம். நோயாளி, பிரசவித்த தாய், கைக்குழந்தை ஆகியோரைப் பார்க்கப் போவதைத் தள்ளிவையுங்கள். அறிகுறி தெரிந்தால் அன்றே பரிசோதியுங்கள். தெரியாவிட்டால் ஐந்து நாள் முழுமையாகக் கழிந்தபின் ஒரு முறை பாருங்கள். மறுநாளே செய்தால் பெரும்பாலும் இல்லை என்றே காட்டும். அதை நம்பி ஏமாற வேண்டாம்.

உம்ராவிலிருந்தோ ஹஜ்ஜிலிருந்தோ வெளிநாட்டு வேலையிலிருந்தோ வந்தவரைப் பார்க்கக் குடும்பமே திரண்டு போவது எமது வழமை. அவ்வளவு சனக்கூட்டத்தில் இருந்து வருபவர்களுக்கு இருமலும் தடிமலும் சாதாரணம். ஸம்ஸமும் ஈத்தம்பழமும் நான்கு நாள் பொறுத்து வாங்கினாலும் இனிக்கத்தான் செய்யும்.

எத்தனை நாள் ஒதுங்குவது?

இதில் உலகம் முழுவதும் ஒரே விதி இல்லை. அறிகுறி உள்ளவர் 10 நாள், அறிகுறி இல்லாமல் பரிசோதனையில் மட்டும் தெரிந்தவர் 5 நாள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வழிகாட்டியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2024 மார்ச்சில் இதைத் தளர்த்தி, மருந்தில்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணித்தியாலம் கழிந்து, மற்ற அறிகுறிகளும் குறைந்திருந்தால் வெளியே போகலாம், அதன்பின் ஐந்து நாள் கவனமாக இருங்கள் என்றது.

குடும்பப் பெண்ணுக்கு வசதியாக இரண்டையும் இப்படி இணைத்துக்கொள்ளலாம். அறிகுறி தொடங்கிய நாள் பூச்சியம். அதிலிருந்து ஐந்து நாள் வீட்டிலேயே இருக்கட்டும். ஐந்தாம் நாள் முடியும்போது குளிசை இல்லாமலே ஒரு நாள் முழுதும் காய்ச்சல் இல்லை, இருமலும் குறைந்துவிட்டது என்றால் ஆறாம் நாள் முகக்கவசத்தோடு பாடசாலைக்கோ வேலைக்கோ போகலாம். ஆனால் பத்தாம் நாள் வரை முதியவர், கர்ப்பிணி, நோயாளி பக்கம் போக வேண்டாம். விருந்துகளும் வேண்டாம். முன்னதாகவே முதியவரிடம் போக வேண்டிய கட்டாயம் என்றால், 48 மணித்தியால இடைவெளியில் இரண்டு அன்டிஜன் பரிசோதனை செய்து இரண்டிலும் கோடு இல்லை என்று கண்டபின் போகலாம். காய்ச்சல் விடவில்லை என்றால் நாட்கணக்கு எதுவும் செல்லாது.

அறை இல்லாத வீட்டில்

"தனி அறை, தனிக் குளியலறை" என்று எழுதுவது எளிது. மூன்று பேர் ஒரு பாயில் படுக்கும் தோட்ட வீடுகளும் மாடிக் குடியிருப்புகளும் கொழும்பில் எத்தனை! அங்கே என்ன செய்வது?

இந்த நோய் பரவுவது முக்கியமாகக் காற்றினால். பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் மூடிய அறையில் புகைபோலத் தங்கி நிற்கும். ஒரு சேலைத் திரை அந்தக் காற்றைத் தடுக்காது. திறந்த யன்னல் தடுக்கும். இரண்டு பக்கமும் யன்னலையோ கதவையோ திறந்து காற்றோட விடுங்கள். மேசை விசிறி இருந்தால் நோயாளி பக்கமுள்ள யன்னலில் காற்று வெளியே போகும்படி திருப்பி வையுங்கள். குளிரூட்டி அறையை மூடிப் போட்டுக்கொண்டு எல்லோரும் உறங்குவதைத் தவிருங்கள்.

அறை இல்லையென்றால் நோயாளியை ஒதுக்குவதை விட முதியவரை ஒதுக்குவது எளிதாக இருக்கலாம். காற்றுள்ள நல்ல இடத்தை உம்மம்மாவுக்குக் கொடுங்கள். நோயுள்ளவரும் அவருக்குப் பணிவிடை செய்பவரும் முகக்கவசம் அணியட்டும். துணியால் தைத்ததை விட ஆஸ்பத்திரி முகக்கவசம் மேல்; அதைவிட முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 மேல். சாப்பாட்டு நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றுவதால் அவர் தனியாகச் சாப்பிடட்டும். சஹனைச் சுற்றி ஆறு பேர் முகத்தோடு முகம் பார்த்து அமர்வது எமது அன்பின் அடையாளம். இந்த ஐந்து நாளைக்கு ஆளுக்கொரு பீங்கான் போதும். குளியலறை ஒன்றுதான் என்றால் அவர் கடைசியாகப் போகட்டும்; பிறகு சற்று நேரம் காற்றோட விட்டு மற்றவர் போகலாம்.

உடுப்பையும் பாத்திரத்தையும் வழமையான சவர்க்காரத்தில் கழுவினால் போதும். கடையில் வாங்கிய மரக்கறியை எல்லாம் கழுவித் துடைத்து அலைந்த காலத்தை மறந்துவிடுங்கள். அந்தச் சிரமத்தை யன்னல் திறப்பதில் காட்டுங்கள்.

படுத்தது நீங்கள் என்றால்?

இதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. வாப்பாவுக்குக் கொவிட் என்றால் அவர் அறையில் படுப்பார். கஞ்சி வாசலுக்குப் போகும். உம்மாவுக்குக் கொவிட் என்றால்? அவர் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கஞ்சி காய்ச்சுவார். வீட்டிலுள்ள எல்லோருக்கும் பரவ இதைவிட நல்ல வழி கிடையாது.

பெண்ணுக்கு ஒதுங்கும் உரிமை கிடைக்காத வீட்டில் ஒதுங்கல் என்ற ஒன்றே இல்லை. ஆகவே நோய் வருமுன்பே இதைப் பேசி வையுங்கள். பதினைந்து வயது மகனுக்குச் சோறு ஆக்கவும் பருப்பு வைக்கவும் பழக்குங்கள். வீட்டுக்காரருக்கு மாமியின் குளிசை நேரத்தையும் இன்சுலின் அளவையும் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுங்கள். ஐந்து நாளைக்குப் பாணும் சம்பலும் கடைச் சாப்பாடுமாகப் போனால் குடும்பம் கெட்டுவிடாது. மருமகளுக்குச் சுகமில்லை என்றால் மாமிமாரே, நீங்களே முதலில் "போய்ப் படு மகள்" என்று சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து அது வந்தால்தான் அவளால் படுக்க முடியும். அது உங்களையும் காக்கும்.

பால் கொடுக்கும் தாயாக இருந்தால் பாலை நிறுத்த வேண்டாம். கையைக் கழுவி, முகக்கவசம் அணிந்து தொடர்ந்து கொடுக்கலாம். கர்ப்பிணியாக இருந்தால் கிளினிக் மருத்துவமாதுவுக்கு உடனே சொல்லுங்கள்.

போகாமல் இருப்பதும் ஒரு மரியாதை

எமது வாழ்க்கை கூட்டத்தில் அமைந்தது. ஜனாஸா என்றால் போக வேண்டும், நோயாளியை விசாரிக்க வேண்டும், நோன்பில் இப்தாருக்கு அழைக்க வேண்டும். போகாவிட்டால் "கதைத்துவிடுவார்களே" என்ற பயம் நோயின் பயத்தை விடப் பெரிது.

ஆனால் கொள்ளைநோய் பரவிய ஊர் பற்றி நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழியை நாம் சிறுவயதிலேயே கேட்டவர்கள். ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் என்று கேள்வியுற்று ஸர்ஃ என்ற இடத்திலிருந்தே திரும்பிய வரலாறும் நமக்குத் தெரியும். 2020 மார்ச்சில் பள்ளிவாசல்களையே மூடி வைத்த சமுதாயம் நாம். அன்று எல்லோருக்காகவும் அதைச் செய்தோம். இன்று இருமலோடு இருக்கும் ஒருவர் ஒரு ஜும்ஆவுக்கு வீட்டில் நிற்பதா பெரிய காரியம்? தராவீஹை வீட்டில் தொழலாம். ஜனாஸா வீட்டுக்கு அழைப்பெடுத்து துஆச் செய்யலாம். பத்து நாள் கழித்துப் போய் அமர்ந்து ஆறுதல் சொல்லலாம். கூட்டம் கலைந்தபின் வரும் அந்த ஆறுதல் இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு இன்னும் தேவையானது.

பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். காய்ச்சலோடு பிள்ளையைக் குளிசை கொடுத்துப் பாடசாலைக்கும் குர்ஆன் மதரஸாவுக்கும் அனுப்பும்போது, அங்கிருந்து எத்தனை வீட்டு முதியவர்களுக்கு அது போகிறது என்று எண்ணிப் பாருங்கள். தவணைப் பரீட்சையா? வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பொதுப் பரீட்சை என்றால் அதிபரிடம் பேசி என்ன ஏற்பாடு உண்டு என்று கேளுங்கள். மறைப்பதை விடக் கேட்பதில் வழி பிறக்கும்.

தாமதிக்கக் கூடாத நேரம்

நெஞ்சு இறுக்கம், ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாத மூச்சு, உதடு நீலித்தல், குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழும்பாத உறக்கம், தண்ணீரும் குடிக்காத பிள்ளை, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை. இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி வீட்டில் இருந்தால், 94 இற்குக் கீழே இறங்கினால் அன்றே வைத்தியரைக் காணுங்கள். 90 இற்குக் கீழ் என்றால் உடனே ஆஸ்பத்திரி. சீனி வருத்தமுள்ளவருக்கு நோய் வந்தால் சீனி ஏறிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, கடைசியாக ஒன்று. இந்த விடயத்தில் கடினமானது பரிசோதனையும் இல்லை, அறையும் இல்லை. ஒரு அழைப்பை எடுத்துச் சொல்வதுதான் கடினம். "மச்சி, எங்கள் வீட்டில் கொவிட். வெள்ளிக்கிழமை நாங்கள் வந்தபோது உங்கள் உம்மாவோடு இருந்தோம். அவரை இரண்டு மூன்று நாளைக்குக் கவனித்துக்கொள்ளுங்கள்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொல் நேரத்துக்குப் போனால் அங்கே ஒரு முதியவருக்கு மருந்து நேரத்துக்குக் கிடைக்கலாம். அந்த அழைப்பு உங்களுக்கு வந்தாலோ, "ஏன் வந்தாய்?" என்று கேட்டுவிடாதீர்கள். "சொன்னதற்கு அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும், ஏதாவது தேவையா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் குடும்பத்தில் அடுத்த முறை யாரும் நோயை மறைக்க மாட்டார்கள்.